மூன்று பேர் நேர்ந்துகொண்ட முடி

என் தலைமுடி என் சொந்தம் என்றுதான் இத்தனை வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் மூன்று பேர் அதை மூன்று இடத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

சும்மா முடி இல்லை அது. துறைமுகத்திலிருந்து சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்கு டிரெய்லரில் இரும்புச் சுருள் ஏற்றிப்போன காலத்திலிருந்து 'கிராப்பு எத்திராஜ்' என்றால்தான் என்னைத் தெரியும். கூட வண்டி ஓட்டியவன் எல்லாம் வழுக்கை விழுந்து தொப்பி போட ஆரம்பித்த பிறகும் என் தலையில் சீப்பு சிக்கிக்கொண்டு நிற்கும். நெற்றியில் ஒரு சுருள் வந்து விழும். வெள்ளைகூட பாதிதான். வேறு பெருமை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் கிடையாது. படிப்பு நாலாவதோடு சரி.

சாமி விஷயத்தில் நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. கும்பிடுகிறவனைத் தடுக்கவும் மாட்டேன். என் பெண்சாதி ரோஸ்மேரி ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நான் ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் குடித்து வளர்ந்தவன். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட அன்றே இரண்டு பேரும் ஒரு பேச்சு பேசிக்கொண்டோம். அவள் சாமியைப் பற்றி நான் கேட்கமாட்டேன். எனக்குச் சாமி இல்லாததைப் பற்றி அவள் கேட்கமாட்டாள். அந்தப் பேச்சு டெங்கு வரும்வரை நன்றாகத்தான் ஓடியது.

வீட்டுக்கு வந்த மறுநாள் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா தேசம்மா திருவொற்றியூரிலிருந்து வந்திருந்தாள். என் தோஸ்து கவுஸ் பாயும் இருந்தான். அவன் சாத்தாங்காட்டில் லாரி டயருக்குப் பஞ்சர் போடுகிறவன். என் டிரெய்லருக்கு அவன் போட்ட ஒட்டு எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னொரு டயர் செய்யலாம்.

ரோஸ்மேரிதான் ஆரம்பித்தாள்.

"டாக்டரு ரெண்டு மாசம் எங்கயும் அலயாதன்னு சொல்லிகிறாரு. அது முடிஞ்சதும் வேளாங்கண்ணி போறோம். ஒனக்கு மொட்ட போடறதா மாதாவுக்கு நேந்துகினுகிறேன்."

எனக்குக் கஞ்சி புரையேறியது. என் தலையை நான் தடவிக்கொள்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"இன்னா ரோசுமேரி சொல்ற? வேளாங்கண்ணிக்கா? நான் பெரியபாளையத்தாளுக்கு நேந்து, மஞ்சத்துணில காசு முடிஞ்சி வெச்சிகிறேன். என் தம்பி உசுர குடு, தலமுடிய எட்த்துக்கோன்னு வாய் தொறந்து கேட்டுகிறேன். அப்பறந்தான் அவன் கண்ண தொறந்தான்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கவுஸ் பாய் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தான். அவன் அப்படி நகர்ந்தால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"எங்கடா போற? குந்து."

"மாமு, ஒரு விசயம். கோச்சிக்காத."

"சொல்லித் தொல."

"நானும் ஒரு வார்த்த குட்த்துட்டேன். நாகூர் ஆண்டவருக்கு. ஒன் முடிய."

"டேய், ஒன் முடிய நேந்துக்க வேண்டியதுதானே?"

அவன் தன் தலையைத் தடவிக் காட்டினான். வழுக்கை டியூப்லைட்டில் பளபளத்தது. "இன்னாத்த குடுக்கறது மாமு? முடி கீறவன் தலையத்தானே பேச முடியும்?"

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ரோஸ்மேரி அன்றிலிருந்து மீன் தொடவில்லை. வேளாங்கண்ணியில் என் தலையில் கத்தி படும்வரை மீன் கிடையாது என்று ஒறுத்தல் எடுத்துக்கொண்டாள். காசிமேட்டுக்காரனுக்குப் பிறந்தவள். மீன் இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. எனக்கு வஞ்சனை இல்லாமல் குழம்பு வைத்துப் போட்டுவிட்டு, அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாள்.

மீனாவது போகட்டும். மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடினால், மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்து நிற்கும். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். முதல் தடவை ஈ என்று நினைத்து அடித்தேன்.

"இன்னாமே பண்ற?"

"ஒன்னுமில்ல, தூங்கு."

"நேந்துகினது குடுக்கலன்னா திருப்பி எட்த்துக்கும்னு பயமா?"

 முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பயம்தான். அக்காவுக்கும் அதே பயம். தினம் போன் போட்டு "தம்பி பேசறானா? குரல் தெம்பா கீதா?" என்று கேட்பாள். கவுஸ் பாய் கடைக்குப் போகிற வழியில் ராயபுரத்தில் அவனுக்கு என்ன வேலை? ஒன்றும் கிடையாது. தினம் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவான்.

மூன்று இடத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக மொட்டை போட்டுக்கொள்கிறேன், ஆளுக்கு ஆறு மாதம் இடைவெளி விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அன்று என்னைப் பார்க்க வந்து பாதித் தூக்கத்தில் இருந்த அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நேந்துகினது அன்னிக்கு ஒன் தலைல இருந்த முடிடா. சொரத்துல வேர்த்துக் கெடந்த முடி. புச்சா மொளைக்கறது வேற முடி. மொதல்ல ஒர்த்தருக்குக் குட்த்துட்டு மிச்சம் மீதிய ஆத்தா கையில நீட்டுவியா?"

இதில் மட்டும் ரோஸ்மேரியும் கவுஸும் அக்கா கட்சி. புது முடி செல்லாது. ஆகவே யாருக்கு முதல் என்பதுதான் கேள்வி. யாருக்கு முதல் என்றால், யார் காப்பாற்றினார்கள் என்று தெரிய வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் வைத்துக் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். போலீஸ்காரன் லைசென்ஸ் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். வாய்ச்சொல் செல்லாது, காகிதத்தைக் காட்டு.

"எனக்குச் சொரம் எறங்கனது ஞாயித்துக்கெழம காலைல. யாரு எப்ப நேந்துகினீங்க?"

"நான் வியாயக்கெழம" என்றான் கவுஸ்.

"நான் வெள்ளி" என்றாள் அக்கா.

"சனிக்கெழம சாயங்காலம்" என்றாள் ரோஸ்மேரி. "மாதா கெபில மெயுவத்தி ஏத்திட்டு வந்தேன். காலைல எறங்கிச்சு. இதுக்கு மேல இன்னா வோணும்?"

"வியாயக்கெழம கேட்டதுக்கு வியாயக்கெழமயே எறங்கலியே பாயி?" என்று அக்கா இழுத்தாள்.

"மாத்தர போட்டா ஒடனே கேக்குதா அக்கா? உள்ள போய் வேல செய்ய டயம் வேணாமா?"

"அப்ப வெள்ளிக்கெழம போட்டதும் உள்ளதான் வேல செஞ்சிகினு இருந்திச்சு."

"பூட்டுக்கு எத்தினி சாவி போட்டாலும் கடசியா போட்டதுதான் அண்ணி தொறக்கும்" என்றாள் ரோஸ்மேரி.

நான் டிரெய்லர் ஓட்டியவன். எண்ணூர் ரோட்டில் மழைக்காலத்தில் பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிட்டால் ரோட்டில் போகிறவன் எல்லாம் வந்து தள்ளுவான். வண்டி நகர்ந்ததும் ஒவ்வொருவனும் தான் கை வைத்த பிறகுதான் நகர்ந்தது என்பான். கடைசியாக வந்தவன் சத்தியமே செய்வான். நான் உள்ளே உட்கார்ந்து கியரை மாற்றிக் கொடுத்ததை ஒருவனும் சொல்லமாட்டான். இதைச் சொன்னேன்.

"அப்ப நீயேதான் பொயச்சிகினியா?" என்றாள் ரோஸ்மேரி.

"டாக்டரு ஏத்தின பாட்டிலு?"

"அந்தப் பாட்டிலத்தானே பக்கத்து பெட்டுக்கும் ஏத்தினாங்க?"

 பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தவசிமுத்து. தெற்கத்திக்காரர், நாசரேத் பக்கம். ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம். நல்ல மனுஷன். எனக்கு வந்த அதே டெங்கு. அவருடைய ஆட்கள் சபையிலிருந்து வந்து கட்டிலைச் சுற்றி நின்று, கண்ணீர் விட்டு, உருகி ஜெபம் செய்தார்கள். அப்படி ஒரு ஜெபத்தை நான் கேட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் இறங்கிய அதே ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார்.

"எனக்காக மூணு சாமி வந்திச்சுன்றீங்க" என்றேன். "ஒன்னுகூடவா பக்கத்து பெட்டு பக்கம் திரும்பிப் பாக்கல?"

கவுஸ் தரையைப் பார்த்தான். அக்கா வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். எனக்கு இவர்களை மடக்கிவிட்ட சந்தோஷம் வரவில்லை. ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. அதை மறைக்க இன்னொன்றைப் பிடித்தேன்.

"சரி, இத சொல்லுமே. நீ காசிமேட்டுல பொறக்காம பெரியபாளையத்துல பொறந்திருந்தா, மாதாவுக்கா நேந்துகினு இருப்ப? அம்மனுக்குத்தானே? எங்க பொறக்கறமோ அந்தச் சாமி. அதுல இன்னா நெசம் கீது?"

"அங்க பொறந்திருந்தா ஒன்ன எங்க பாத்திருக்கப் போறேன்?" என்றாள். "தப்பிச்சிருப்பேன்."

அக்கா வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். கவுஸ் தொடையைத் தட்டினான். மூன்று பேரும் சொல்வது நிஜமாக இருக்க முடியாது, ஆனால் மூன்று பேரும் பொய் சொல்லவும் இல்லை. இந்த முடிச்சு எனக்கு அவிழவில்லை. அன்றைய கூட்டம் டீயோடு கலைந்தது.

மழை விட்டு, டாக்டர் சொன்ன கெடு முடிகிற சமயத்தில் ஒரு காலை தலை வாரினேன். சீப்பை எடுத்தால் சீப்பில் ஒரு பந்து முடி. தலையணையைப் பார்த்தேன். பூனை படுத்து எழுந்த மாதிரி இருந்தது. கையால் கோதினால் கையோடு வந்தது.

ரோஸ்மேரி பார்த்துவிட்டு அலறினாள். "சேசுவே! மாதா கோவப்பட்டுட்டாங்க!"

டாக்டரிடம் போனோம். "டெங்கு வந்துபோன பிறகு சில பேருக்கு இப்படிக் கொட்டும். பயப்படாதீங்க, திரும்ப வளரும்" என்றார். அவர் பயப்படாதீர்கள் என்றது எனக்கு. வளரும் என்பதுதான் ரோஸ்மேரிக்குப் பயம். புது முடி செல்லாதே!

செய்தி போனதும் அக்கா அடுத்த பஸ்ஸில் வந்தாள். கவுஸ் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கிரீஸ் கையோடு வந்தான். மூன்று பேரும் என் தலையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஐஸ் கட்டி கரைகிறதைப் பார்க்கிற மாதிரி.

"நாளைக்கே பெரியபாளையம்" என்றாள் அக்கா. "கிட்டதான் கீது. ஒரு பஸ்ஸு."

"கிட்ட கீதுன்னா மொதல்ல அங்கயா? தூரமா கீறது இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றாள் ரோஸ்மேரி. "இன்னிக்கே ரயில்ல ஏறலாம்."

"நாகூர் வந்து வேளாங்கண்ணிக்கு முன்னால வருது. வயிதானே?" என்றான் கவுஸ்.

"அங்கயே முட்ச்சிட்டு மாதாவுக்கு வெறும் மண்டய காட்டச் சொல்றியா?"

"தங்கச்சி, நான்தான் மொதல்ல நேந்துகினவன். வியாயக்கெழம!"

சத்தம் தெருவுக்குக் கேட்டது. ரோஸ்மேரி அழ ஆரம்பித்தாள். அக்காவும் பதிலுக்கு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டினேன்.

"ஒர்த்தருக்கும் கெடயாது. நான் டில்லிபாபு கடைல போய் வயிச்சிப் போட்டுட்டு வரேன். முடியும் இல்ல, சண்டயும் இல்ல."

யார் கூப்பிட்டும் நிற்கவில்லை.

டில்லிபாபு என் தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறான். எனக்கு வருஷக்கணக்காகக் கிராப்பு வெட்டுகிறவன் அவன்தான். நாற்காலியில் உட்கார்ந்து, "மொட்ட" என்றேன். அவன் துண்டைப் போர்த்தினான். கத்தியில் புது பிளேடு மாட்டினான். என் தலையைப் பார்த்தான். துண்டை எடுத்துவிட்டான்.

"எந்திரி அண்ணாத்த."

"ஏண்டா?"

"இது நேந்துகின தல. நான் கை வெக்க மாட்டேன்."

"ஒனக்கு யாரு சொன்னது?"

"ராயபுரம் பூரா தெரியும். ஒரு சாமியா இருந்தாகூட எதுனா சால்ஜாப்பு சொல்லலாம். மூணு சாமி! நான் புள்ளகுட்டிக்காரன். கட வேற வாடக கட."

"என் தலடா இது!"

"யாரு இல்லன்னா? வூட்ல வெச்சி வயிச்சிக்கோ. எங்கிட்ட வராத. வோணும்னா மீச ஒயுங்கு பண்ணிவுடறேன், அத யாரும் நேந்துக்கல."

கடையில் காத்திருந்தவன் எல்லாம் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினான். மீசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டுதான் வந்தேன். வெறும் கையோடு எழுந்து வந்தால் மரியாதையாக இருக்காது.

வீட்டுக்குத் திரும்பக் கால் வரவில்லை. தவசிமுத்து கடை வழியாக நடந்தேன். கடையில் அவர் மகள் பெர்சிஸ் நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்களை மிரட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எனக்கும் ஹார்லிக்ஸ் கரைத்துக் கொடுத்த பெண். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வாங்க அங்கிள், உக்காருங்க. முடி என்ன அங்கிள் இப்படிக் கொட்டுது? அப்பா உங்க முடியப் பாத்துட்டுச் சொல்லுவாங்க, இந்த ஆளுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏற வழியே இல்ல, காடு அடைச்சுக் கெடக்குன்னு."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

"பெர்சிஸு, நீங்களும்தானே அன்னிக்கு அப்டி ஜெபம் பண்ணீங்க?"

"பண்ணோம் அங்கிள்."

"குடுக்கலயே."

"குடுக்கல."

"அப்பறம் எதுக்கு ஞாயித்துக்கெழம போற?"

அவள் சாக்கின் வாயைச் சுருட்டிக்கொண்டே யோசித்தாள். "கோவமா இருக்கேன் அங்கிள். ரொம்பக் கோவம். ஆனா அந்தக் கோவத்தப் போய்ச் சொல்றதுக்கும் ஒரு ஆள் வேணும்ல? கடையில இருக்கவங்ககிட்டயா சொல்ல முடியும்?"

 அவள் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு சோடா உடைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தேன்.

"மூணு இடத்துக்கு நேந்திருக்காங்களாமே? போற இடத்துல சும்மா வராதீங்க அங்கிள்" என்றாள். "எங்க அப்பாவ ஏன் விட்டீங்கன்னு மூணு இடத்துலயும் கேட்டுட்டு வாங்க. எங்க சபையில மொட்டையெல்லாம் கிடையாது. கேள்வி கேக்கலாம், தப்பில்ல."

"கேக்கறேன்" என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்காவும் கவுஸும் போயிருந்தார்கள். ரோஸ்மேரி தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. சீப்பு, தலையணை, என் துண்டு, குளியலறை ஜல்லடையில் சிக்கியது என்று வீட்டிலிருந்த என் முடி எல்லாவற்றையும் பொறுக்கிப் பேப்பரில் கொட்டியிருந்தாள். எல்லாவற்றையும் வேளாங்கண்ணிக்குக் கட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கெட்டிக்காரி, சண்டை நடக்கும்போதே சரக்கை ஒதுக்கிவிட்டாள்.

அருகில் போய்ப் பார்த்தால் மூன்று பை. மெழுகுவத்தி வாங்கிய கவர் ஒன்று. மஞ்சள் துணியில் தைத்த சின்னப் பை ஒன்று. பச்சைத் துணியில் ஒன்று. ஒரு சுருள் இங்கே, ஒரு சுருள் அங்கே, ஒரு சுருள் அங்கே. சோறு பங்கு வைக்கிற மாதிரி கையால் நிதானம் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே இது?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. முதலில் என் தலையைப் பார்த்தாள். முடி இருந்தது. மூச்சு விட்டாள்.

"டில்லிபாபு மாட்டேன்னுட்டானா?"

"அத வுடு. மாதாதான் காப்பாத்திச்சுன்னு தெருவே கேக்க சண்ட போட்ட. இப்ப மூணு பங்கு போடற?"

"மாதாதான் காப்பாத்திச்சு. இப்பவும் அதான் சொல்லுவேன். சாவற வரிக்கும் சொல்லுவேன்."

"அப்ப இது எதுக்கு?"

அவள் கையிலிருந்த சுருளைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரில வெளிய ஒரு பெஞ்சிதான் இருந்திச்சு. நாங்க மூணு பேரும் அதுலதான் குந்தினிருந்தோம். பாயி துண்ட தலைல போட்டுகினு நாகூர் ஆண்டவரேன்னு சொல்லிகினு இருந்ததும் எனக்குக் கேட்டிச்சு. அண்ணி மஞ்சத்துணி கியிச்சப்போ, ஒரு முனைய நான்தான் பிட்ச்சிகினேன்."

"ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். வேணாம் அண்ணி, நான் எங்க மாதாவுக்குச் சொல்லிக்கறேன், நீ சொல்லாதன்னு அன்னிக்குச் சொன்னேனா? சொல்லல. சொல்லட்டும், யாரு வந்தாலும் வரட்டும், நீ எந்திரிச்சா போதும்னு இருந்தேன். அன்னிக்கி எல்லாரையும் கூப்ட்டுட்டு, இன்னிக்கி வேல முட்ச்சதும் நீங்கல்லாம் போங்கன்னா எப்டி? அண்ணியும்தான் தூங்கறதில்ல. போன்ல குரலக் கேட்டா தெர்ல?"

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எண்ணூர் ரோட்டுப் பள்ளம்தான் ஞாபகம் வந்தது. எவன் எந்தப் பக்கமிருந்து வந்து கை வைக்கிறான் என்று வண்டி மாட்டிக்கொண்டிருக்கும்போது எந்த டிரைவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"தலைல இன்னும் கீறத இன்னா பண்றது?" என்றேன்.

"அதையும் பங்கு போட்டுக்கலாம். மூணு பாகம்."

"மூணு பாகமா? நான் இன்னா வூட்டு மனையா?"

"அசையாத குந்து" என்று சொல்லி, என் நெற்றிச் சுருளிலிருந்து பின்கழுத்து வரை விரலால் கோடு போட்டுப் பார்த்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் அக்காவையும் கவுஸையும் கூப்பிட்டுப் பைகளைக் கையில் கொடுத்தாள். அக்கா மஞ்சள் பையை வாங்கி, தூக்கிப் பார்த்து, ரோஸ்மேரியை ஒரு பார்வை பார்த்தாள். கண் கலங்கியது. கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"என்துல கம்மியா கீறாப்ல கீதே?" என்றாள்.

"எடுத்துக்கோ அண்ணி" என்று ரோஸ்மேரி தன் கவரிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டாள். கவுஸ் தன் பச்சைப் பையைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, "எனக்குப் பின்தல போதும் மாமு, முன்னால பொம்பளைங்க எட்த்துக்கட்டும்" என்று பெருந்தன்மை காட்டினான்.

முதலில் பெரியபாளையம். அங்கே முடி எடுக்கிறவர் வலது பக்கத்தை முடித்துவிட்டுக் கத்தியை இடது பக்கம் திருப்பியதும் நான் எழுந்துவிட்டேன்.

"இன்னா பெருசு, பாதில எந்திரிக்கிற?"

"மிச்சம் வேற எடத்துக்குப் பேசிகிது."

அவர் என் தலையையும், பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தார். அடுத்த தலையை இழுத்துக்கொண்டார். அக்கா மஞ்சள் பையைப் பிரித்து, அங்கே குவிந்து கிடந்த முடியோடு கொட்டினாள். அவள் கண்ணை மூடி நின்ற நேரத்தில் நான் என் கேள்வியைக் கேட்டேன். வாயைத் திறந்து, தவசிமுத்து பெயரைச் சொல்லி, மனசில் பட்டபடி கேட்டேன். பதில் வரவில்லை.

ரயிலில் பாதித் தலையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்திருந்த குடும்பத்தின் குழந்தை துண்டு நழுவினபோதெல்லாம் கை தட்டியது. நாகூரில் பின்தலை போனது. கவுஸ் பச்சைப் பையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, "வியாயக்கெழம" என்று அக்காவிடம் சொன்னான். அங்கேயும் கேட்டேன். அங்கேயும் பதில் இல்லை.

வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்ந்தபோது இடது பக்கத்தில் ஒரு புல்லுக்கட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பாதி ரயில் ஜன்னல் காற்றிலேயே போய்விட்டது. "இதுல எடுக்கறதுக்கு என்ன பெரியவரே இருக்கு?" என்றார் கத்தி பிடித்தவர். "இருக்கறத எடுப்பா" என்றேன். மூன்றே இழுப்பு. கிராப்பு எத்திராஜ் கதை அங்கே முடிந்தது. தலையில் காற்று பட்டது. நன்றாகத்தான் இருந்தது, வெளியில் சொல்லவில்லை.

மாதா முன்னால் ரோஸ்மேரி முட்டிபோட்டிருந்தாள். நான் பின்னால் நின்று தவசிமுத்துவைப் பற்றி மூன்றாம் முறையாகக் கேட்டேன். பதில் இல்லை. ஆனால் பெர்சிஸிடம் கேட்டுவிட்டேன் என்று சொல்லலாம். மூன்று இடத்திலும் யாரும் என்னை வெளியே போ என்று சொல்லவில்லை என்றும் சொல்லலாம். அதற்கு மேல் எதையும் நான் நம்புவதாக இல்லை.

கடற்கரையில் வரிசையாக மீன் பொரிக்கிற கடைகள். எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் ரோஸ்மேரி நடையை மாற்றினாள். ஒரு முழு வஞ்சிரத்தைத் துண்டு போடச் சொல்லி, அது பொரிகிறவரை சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டு வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். ஜெபத்தில்கூட அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

நான் மணலில் சாய்ந்து படுத்தேன். கண்ணை மூடினேன். மூக்குக்குக் கீழே விரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் இரண்டாவது துண்டில் இருந்தாள்.

அக்கா அவள் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றாள். எலும்பைச் சப்பிக்கொண்டே, "மீனு சோக்கா கீது" என்றாள். "ஆனா ஒன்னு சொல்றேன் ரோசுமேரி, என் தம்பிய காப்பாத்தனது எங்க ஆத்தாதான்."

"துன்னு அண்ணி" என்றாள் ரோஸ்மேரி. "பேசிகினே துன்னாத, முள்ளு கீது."